பேசிய நிமிடங்கள்

இரவு ஒன்று ஐம்பதுக்கு அழைப்பு.
பூர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரி, பிரசவ அறை.
நான் தூண் நகரில், என் சமையலறையில்.
வரிப் படிவங்களை ஒதுக்கிவிட்டு
சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்தேன்.

முகம் தெரியாது. அதுதான் விதி.
குரல்கள் மூன்று:
மருத்துவிச்சி ரெகுலா,
நோவில் நிற்கும் சுகிர்தமலர்,
அவளுடைய மனிசன். பேர் சொல்லவில்லை.
பீட்சாக் கடையிலிருந்து நேரே வந்தானாம்,
முழங்கை வரைக்கும் மாவாம்.

முதல் அரை மணி எனக்கு வேலை இருந்தது.
ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றாள் ரெகுலா.
அவள் மொழியில் அதற்குத் தாய்வாய் என்று பெயர்.
நமக்குக் கருப்பை வாய்.
இரண்டு ஊரிலும் அதை ஏன் வாய் என்றார்கள்
என்று யோசிக்க நேரமில்லை.

"அண்ணை, கெதியாப் பிறக்க ஊசி ஒண்டு இருக்காம்.
கேளுங்கோ."
கேட்டேன்.
அவள் பதிலை அப்படியே கொடுத்தேன்:
இருக்கிறது. அலமாரியில் இருக்கிறது.
இப்போதுதான் பிள்ளையின் நெஞ்சைக் கேட்டேன், நன்றாக ஓடுகிறது.
தாயும் களைக்கவில்லை.
தேவை வந்தால் எடுப்பேன், உங்களிடம் சொல்லிவிட்டு எடுப்பேன்.
இப்போது அவளைக் கட்டிலிலிருந்து இறக்குவோம்.

பிறகு துண்டு துண்டாக.
விளக்கைக் குறைக்கிறேன்.
மூத்திரம் போய்விட்டு வாங்கோ.
ஒரு மிடறு தண்ணி.
அவரின் கழுத்தில் தொங்குங்கோ, பாரத்தை அவர் தாங்கட்டும்.
"தாங்குவன்" என்றான்.
அதை நான் ஜெர்மனில் சொல்லவில்லை.
பார்த்திருப்பாள்.

அடுத்த நோ.
ரெகுலா ஏதோ சொன்னாள், நான் தமிழில் தொடங்கினேன்.
"அண்ணை, கதையாதேங்கோ!"
பதினெட்டு வருஷத் தொழிலில்
இவ்வளவு தெளிவான வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை.
அதை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோனேன்.
ரெகுலா சிரித்தாள்.
பிறகு அவளும் கதைக்கவில்லை.

ம்ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று.
அதன் பக்கத்திலேயே இன்னொரு ம்ம்ம்.
எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.
ஏறும். நிற்கும். இறங்கும்.
இடையில் ஒருமுறை குறட்டை.
குறட்டையேதான்: இரண்டு நோவுக்கு நடுவே
நின்றபடி, அவன் தோளில்,
ஒன்றரை நிமிடத் தூக்கம்.
நான் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலை
கூவும் முன் அணைத்தேன்.

நாலரைக்கு அவள் "ஏலாது" என்றாள்.
நான் வாய் திறந்தேன்.
முடியாது என்பதா, போதும் என்பதா,
என்னைப் பிடி என்பதா?
நான் தேர்ந்தெடுப்பதற்குள்
"யா, யா" என்றாள் ரெகுலா, மிக மெதுவாக.
தமிழ் தெரியாதவளுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது.
எவ்வளவு கிட்டத்தில் அது வரும் என்பதும்.

பன்னீர்க் குடம் தரையில் உடைந்தது எனக்கும் கேட்டது.
"முக்கு என்று நான் சொல்லப்போவதில்லை,
உடம்பு சொல்லும்.
இதை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள்."
சொன்னேன்.
கேட்டாளோ, உடம்பு முந்திவிட்டதோ.
"நன்றி. இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."
ஐந்து பத்து. லைன் அறுந்தது.

அப்போதுதான் பார்த்தேன்:
நான் கதிரையில் இல்லை.
கழுவுதொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து
முழங்கால் மடக்கி
இடமும் வலமுமாய் ஆடிக்கொண்டு நிற்கிறேன்,
ஐம்பத்தொரு வயது ஆம்பிளை,
வெளியே ஆரே ஆறு இன்னும் இருட்டில்.

என்ன பிள்ளை, எத்தனை மணிக்கு,
கேட்க எனக்கு அனுமதியில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து கடிதம்.
பேசிய நிமிடங்கள் முப்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள்.
லைன் மூன்று மணி இருபது நிமிடம் திறந்திருக்கிறது.
காரணம் தருக.

முதலில் கருவியில் கோளாறு என்று எழுதினேன்.
வெட்டினேன்.
திறந்திருக்க வேண்டியிருந்தது
என்று எழுதி அனுப்பினேன்.